மார்ச் மேட்னஸில் ஒரு ஆட்டக்காரரை எடை போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "இந்தப் பையன் பெரிய ஆளா வருவானா?", "இவனைப் போய் ஏன் எல்லாரும் தலையில தூக்கி வைக்கறாங்க?" என்று சித்தப்பா மகனிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பயிற்சியாளரும் இல்லை, அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடி எடை போடும் ஸ்கவுட்டும் இல்லை. பள்ளியில் கார்டாக (பந்தை நடத்திச் செல்லும், பொதுவாக உயரம் குறைந்த ஆட்டக்காரர்) ஆடியவன். அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தைப் பல வருடமாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எடுத்துப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

1. மார்ச் மேட்னஸ்னா என்ன? காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை நடத்தும் போட்டி. ஆண்கள் பிரிவில் 2011 முதல் 68 அணிகள் ஆடி வந்திருக்கின்றன. முழுக்க நாக் அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரும்பாலான அணிகள் கோப்பையைத் தொட ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும்.

எடை போட நினைப்பவர்கள் சில விதிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்தை எறிய 30 வினாடி, என்பிஏ எனும் தொழில்முறை லீக்கில் 24. ஐந்து ஃபௌல் ஆனால் வெளியே, என்பிஏவில் ஆறு. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த வித்தியாசங்கள்தான் அடிப்படை.

2. ஸ்கோர்கார்டைப் பார்த்தா தெரிஞ்சிடாதா? யார் அதிக பாயின்ட் எடுத்தாங்களோ அவங்கதானே நல்ல ஆட்டக்காரர்?

எத்தனை புள்ளி என்பதோடு, அதற்கு எத்தனை வாய்ப்பைச் செலவழித்தார் என்றும் பார்க்க வேண்டும். 20 தடவை எறிந்து, இரண்டு ஃப்ரீ த்ரோவும் (ஃபௌலுக்குக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்) எடுத்து 20 புள்ளி சேர்த்தவர் ஒருவர். 9 தடவை எறிந்து, ஆறு ஃப்ரீ த்ரோ எடுத்து 16 புள்ளி சேர்த்தவர் இன்னொருவர். மறுநாள் செய்தியில் முதல் ஆளின் பெயர்தான் வரும். எனக்கு இரண்டாவது ஆள் வேண்டும்.

இதற்கு 'ட்ரூ ஷூட்டிங்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, எறிந்த எண்ணிக்கையோடு கூட்டி, இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு புள்ளியை வகுக்க வேண்டும். மேலே சொன்ன முதல் ஆளுக்கு 48 சதவீதம் வரும், இரண்டாமவருக்கு 69.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. 2011 இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் கல்லூரியின் கெம்பா வாக்கர் 19 தடவை எறிந்து 5தான் உள்ளே போட்டார். கணக்குப்படி படுமோசம். அதே ஆட்டத்தில் எதிரணி பட்லர் மொத்தமாக 64க்கு 12. கூரை எங்கோ இருக்கும் ஒரு அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் நடந்த ஆட்டம் அது, இரு பக்கமும் பந்து உள்ளே போக மறுத்தது. வாக்கர் கார்டாக இருந்தும் 9 ரீபவுண்டு (தவறி விழும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். ஸ்கோர் 53-41, கோப்பை கனெக்டிகட்டுக்கு.

3. அப்ப எங்கதான் பார்க்கணும்?

பந்தைப் பார்க்காதீர்கள். சொல்வது சுலபம், கண் தானாகப் பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். பந்து அவர் கையில் இல்லாதபோது நிற்கிறாரா, நகர்கிறாரா? கூட்டாளி எறிந்ததும் ரிங்கை நோக்கி ஓடுகிறாரா, திரும்பித் தற்காப்புக்கு ஓடுகிறாரா, இல்லை நின்று வேடிக்கை பார்க்கிறாரா? தற்காப்பில் முழங்கால் மடிந்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறாரா? களைப்பை முதலில் காட்டிக்கொடுப்பது முழங்கால்.

2025 இறுதி ஆட்டத்தின் கடைசி சில வினாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. பந்து ஹூஸ்டன் கையில். இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறிய எழும்பினார். ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தார். காற்றில் இருந்த ஷார்ப்புக்கு எறிய வழியில்லை. பந்தைக் கீழே விட்டுவிட்டார். தானே திரும்ப எடுத்தால் டிராவலிங் என்ற விதிமீறல். அதனால் துள்ளிக்கொண்டிருக்கும் பந்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். எறியாமலேயே ஆட்டம் முடிந்தது. கிளேட்டன் ஃபௌலும் செய்யவில்லை, பந்தையும் தொடவில்லை. ஸ்கோர்கார்டில் அந்த ஓட்டத்துக்கு அவர் பெயரில் ஒரு எண்ணும் ஏறாது. முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர் அவர். அரையிறுதியில் 34 அடித்துவிட்டு வந்தவர் மொத்தம் 11தான் எடுத்தார். ஆனாலும் அந்த ஆட்டத்தின் மிக முக்கியமான இரண்டு வினாடி அவருடையது.

4. ஒரே ஆட்டத்துல 30, 40 அடிச்சா அது திறமைதானே? அதிர்ஷ்டம்னு எப்படி சொல்ல முடியும்?

திறமைதான். எந்த அளவு என்பதில்தான் சிக்கல். இறுதி வரை போனாலும் ஆறு ஆட்டம். ஆட்டத்துக்கு ஆறு வீதம் எறிந்தால் 36 மூன்று புள்ளி முயற்சி. 14 உள்ளே போனால் 39 சதவீதம், 'அபாரம்' என்பார்கள். அதில் இரண்டு பந்து ரிங்கைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்திருந்தால் 33 சதவீதம், 'சுமார்' என்பார்கள். ஒரு பையனின் எதிர்காலத்தை அந்த இரண்டு பந்தை வைத்தா முடிவு செய்வது?

2018 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்சோ பெஞ்சிலிருந்து வந்து மிச்சிகனுக்கு எதிராக 31 எடுத்தார். சீசன் சராசரி 13ஐ ஒட்டித்தான். அடுத்து என்பிஏவில் நல்ல, பயனுள்ள ஆட்டக்காரராக இருந்தார், நட்சத்திரமாக இல்லை. அந்த 31ஐ விட அந்த 13தான் சரியான ஜாதகம்.

2008இல் டேவிட்சனின் ஸ்டீஃபன் கர்ரி விஷயம் வேறு. கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33, கான்சஸிடம் 59-57 என்று தோற்றபோது 25. நான்கு அணி, நான்கு விதமான தற்காப்பு. ஜார்ஜ்டவுன் முதல் பாதியில் அவரை 5 புள்ளியில் கட்டிப்போட்டது, இரண்டாம் பாதியில் 25 வந்தது. நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது: எதிரணி அவரிடமிருந்து எதைப் பறித்தது? பறித்த பிறகு அவர் என்ன செய்தார்? 40 என்ற எண்ணை விட அந்த 5க்கும் 25க்கும் நடுவில் இருந்த இடைவேளைதான் எனக்கு அதிகம் சொன்னது.

5. த்ரீ நல்லா போடறவங்க என்பிஏலயும் அப்படியே போடுவாங்களா?

கல்லூரியில் த்ரீக்கான, அதாவது மூன்று புள்ளிக்கான, கோடு ரிங்கிலிருந்து 22 அடி 1¾ அங்குலம். என்பிஏ கோடு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், ஆனால் மூலையில் 22 அடிதான். ஆக, மூலையில் நின்று போடுபவருக்குத் தூரம் பெரிதாகக் கூடவில்லை. நடுவில் நின்று போடுபவருக்கு ஒன்றரை அடிக்கு மேல் கூடுகிறது. அதனால் 'எத்தனை போட்டார்' என்பதோடு 'எங்கே நின்று போட்டார், கோட்டுக்கு எவ்வளவு பின்னால் நின்றார்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறுக்கு வழி ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து, சீசன் முழுக்க எறிவது அது. கையின் உண்மையான தரம் அதில் தெரியும். த்ரீயில் 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 62 சதவீதம் என்று ஒருவர் இருந்தால் நான் அந்த 62ஐத்தான் நம்புவேன்.

6. ஓக்லண்ட்னு ஒரு டீம்ல ஒருத்தர் கென்டக்கியை பத்து த்ரீ போட்டு வீட்டுக்கு அனுப்பினாரே, அவரை ஏன் யாரும் பெரிசா எடுத்துக்கல?

ஜாக் கோல்கி, 2024. 20 எறிந்து 10 உள்ளே, மொத்தம் 32 புள்ளி. போட்டிக்கு முன் அணிகளை 1 (பலமானது) முதல் 16 வரை நிலைப்படுத்துவார்கள்; 14ஆம் நிலை அணி 3ஆம் நிலை அணியை 80-76 என்று ஜெயித்தது. அவர் சீசன் முழுக்கக் கோட்டுக்குள் வந்து எறிந்ததைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரே ஒரு திறமை, அதில் கெட்டிக்காரர். ஒரு இரவுக்கு அது போதும். 4வது பதிலில் உள்ள கேள்வியை இவருக்குப் போட்டுப் பாருங்கள்: த்ரீயைப் பறித்துவிட்டால் மிச்சம் என்ன?

தோற்ற பக்கத்தையும் பாருங்கள். அன்று கென்டக்கியின் ரீட் ஷெப்பர்டு எடுத்தது 3 புள்ளி. மூன்று மாதம் கழித்து என்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது ஆளாகப் போனார். ஒரு இரவை வைத்து இருவரையும் எடை போட்டவர்களுக்கு இது புரிந்திருக்காது.

7. எதிரணி சின்ன டீமா இருந்தா அந்த ஸ்கோருக்கு மதிப்பு கம்மியா?

கம்மிதான், ஆனால் பூஜ்யம் இல்லை. எந்த அணி எவ்வளவு வலுவானது என்பதற்கு கென் பாமராயின் தளத்தில் வரும் தரவரிசையைப் பார்ப்பேன். 100 தடவை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறார்கள், எத்தனை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எதிரணியின் தரத்துக்கேற்பச் சரிசெய்து போடுகிறார்.

சின்ன கல்லூரியிலிருந்து வருபவருக்கு இந்தப் போட்டி ஒன்றுதான் பெரிய மேடை. 2019இல் முர்ரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் மார்கெட் கல்லூரிக்கு எதிராக 17 புள்ளி, 16 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), 11 ரீபவுண்டு. அடுத்த ஆட்டத்தில் நீண்ட கைகளும் வேகமான கால்களும் உள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் 90-62 என்று அவர்களைத் துவைத்துவிட்டது. மொரான்ட் அதிலும் 28 எடுத்தார். பலர் முதல் ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்: தன்னைப் போலவே உடல் வலு உள்ளவர்கள் முன்னால், அணியே சரிந்துகொண்டிருந்தபோதும் அவர் மறையவில்லை.

8. ஏழடி உயரம் இருந்தா பாதி வேலை முடிஞ்சதுதானே?

ஜாக் ஈடியின் இரண்டு வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 7 அடி 4 அங்குலம், பர்டூ கல்லூரி. 2023இல் முதல் நிலை அணியாக வந்து, 16ஆம் நிலை ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றார்கள். அந்த அணி நாட்டிலேயே மிகக் குள்ளமான அணி. ஈடிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று பந்து வரவிடாமல் அடைத்தார்கள். 'வெளியே நிற்பவர்கள் எறியட்டும், பார்க்கலாம்' என்று விட்டார்கள். பர்டூ 26 த்ரீ எறிந்து 5 போட்டது. ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்டு எடுத்தும் தோல்வி.

2024இல் அதே ஈடி இறுதி ஆட்டம் வரை வந்தார். இந்த முறை கனெக்டிகட் நேர் எதிராக யோசித்தது. 7 அடி 2 அங்குல டானவன் கிளிங்கனைப் பெரும்பாலும் தனியாக ஈடியோடு விட்டுவிட்டு, மற்றவர்களை வெளியே எறிபவர்களோடு ஒட்டவைத்தது. ஈடி 37 எடுத்தார். பர்டூவுக்குக் கிடைத்த த்ரீ மொத்தமே ஏழு, உள்ளே போனது ஒன்று. 75-60.

முதல் வருடம் பார்த்தவர்கள் 'ஈடியை அடைத்தால் பர்டூ காலி' என்றார்கள். இரண்டாம் வருடம் பார்த்தவர்கள் 'ஈடியை விட்டாலும் பர்டூ காலி' என்றார்கள். இதில் எது அவருடைய பலவீனம், எது அணியின் பலவீனம் என்று பிரிக்காமல் விடக்கூடாது. அவருடையது என்று நான் எழுதி வைத்தது ஒன்றுதான்: எதிரணி கார்டு, கூட்டாளி வழிமறித்து நிற்கும் ஸ்க்ரீனைச் சுற்றி வேகமாக வரும்போது வெளியே வந்து மறிக்கக் கால் எட்டவில்லை, ரிங்கடியிலேயே பின்வாங்கி நிற்கிறார். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ரிங்கடியில் வரைந்திருக்கும் பெட்டி கல்லூரியில் 12 அடி அகலம், என்பிஏவில் 16. கல்லூரியில் ரிங்கை ஒட்டி நின்று பந்து வாங்கும் உயரக்காரர் அங்கே இரண்டடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும்.

9. ஜோன் டிஃபென்ஸ் ஆடற டீம்ல ஒருத்தரோட தற்காப்பை எப்படிக் கண்டுபிடிக்கறது?

கஷ்டம். ஜோன் என்றால் ஆளுக்கு ஆள் மறிக்காமல், ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. என்பிஏவில் தற்காப்பாளர் யாரையும் மறிக்காமல் பெட்டிக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. கல்லூரியில் அப்படி விதி இல்லை. அதனால் உயரமான ஒருவரை ரிங்கடியில் காவல் வைத்துவிட்டு ஜோன் ஆடலாம். ஜிம் போய்ஹைம் காலத்து சிராக்யூஸ் 2-3 ஜோனையே குலதொழிலாக வைத்திருந்தது. கால் மெதுவான ஒருவர் அதற்குள் வருடக்கணக்கில் ஒளிந்துகொள்ளலாம்.

நான் பார்ப்பது ஜோன் உடையும் தருணங்களை மட்டும். எதிரணி வேகமாகப் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கில் தனியாக மாட்டும்போது, எதிரணி மூலைக்குப் பந்தை மாற்றி அவர் ஓடி மறிக்க வேண்டியிருக்கும்போது. ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வரும்.

10. கமென்ட்ரில 'மோட்டார்', 'அப்சைடு'ன்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

மோட்டார் என்றால் ஓய்ந்து நிற்காமல் ஓடுகிறார் என்று அர்த்தம். அப்சைடு என்றால் இப்போது ஒன்றும் பெரிதாக இல்லை, பின்னால் வரலாம் என்பதை மரியாதையாகச் சொல்வது.

11. நிறைய டர்ன்ஓவர் பண்றவரைக் கழிச்சுக் கட்டிடலாமா?

டர்ன்ஓவர் என்றால் எதிரணியிடம் பந்தை இழப்பது. அது எந்த மாதிரி என்று பாருங்கள். கூட்டாளி கவனிக்காத இடத்துக்கு நல்ல பாஸ் கொடுத்துப் போனது ஒரு வகை. அது பார்வை உள்ளவர் செய்யும் தப்பு, நல்ல கூட்டாளிகள் கிடைத்தால் அதுவே அசிஸ்ட். இரண்டு பேர் நெருக்கியதும் பந்தை நிறுத்திவிட்டுத் திணறியது இன்னொரு வகை. அதுதான் கவலை.

2022இல் 15ஆம் நிலை செயின்ட் பீட்டர்ஸ் பர்டூவை 67-64 என்று ஜெயித்த ஆட்டத்தில் ஜேடன் ஐவி 9 புள்ளி, 6 டர்ன்ஓவர். வேகத்தில் நாட்டிலேயே அவரை மிஞ்ச ஆள் குறைவு. அன்று அவர் ஓடுவதற்கான பாதையையே அடைத்துவிட்டார்கள். வேகத்தைப் பறித்த பிறகு மெதுவாக ஆடத் தெரிகிறதா என்ற கேள்விக்கு அன்று அவரிடம் பதில் இல்லை. டிராஃப்டில் ஐந்தாவதாகப் போனார், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே போனது.

12. ஃபௌல் ஆகி பெஞ்ச்ல உக்காந்தவரை எப்படி மதிப்பிடறது?

முதல் பாதியில் இரண்டு ஃபௌல் ஆனாலே பல பயிற்சியாளர்கள் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நிமிடம் குறைவு என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபௌல் எப்படி வந்தது என்று பாருங்கள். எறிபவர் உடலை நேராக எதிர்கொண்டு கை மேலே நீட்டி வந்த ஃபௌலை மன்னிக்கலாம். கால் பிந்திப்போய்க் கையால் இழுத்தது திரும்பத் திரும்ப வந்தால் அது பழக்கம்.

13. கடைசி நிமிஷத்துல யார் போடறாங்களோ அவங்கதான் கிளட்ச். இதுல என்ன சந்தேகம்?

எனக்குச் சந்தேகம் உண்டு. 2025 அரையிறுதியில் ட்யூக்கின் கூப்பர் ஃபிளாக், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கடைசி வினாடிகளில் பெட்டிக்குள் தன் இடத்துக்குப் போய், திரும்பி எறிந்தார். போகவில்லை. ஹூஸ்டன் 70-67 என்று ஜெயித்தது. அவர் அன்று 27 புள்ளி எடுத்திருந்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் காலம் முழுக்கக் காட்டியிருப்பார்கள். போகாததால் 'அழுத்தம் தாங்கவில்லை' என்றார்கள். எறிந்த இடம் சரி, எடுத்த முடிவு சரி. 18 வயதுப் பையனிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

அழுத்தத்தில் தெரியும் உண்மையான பலவீனத்துக்கு 2008 இறுதி ஆட்டம். மெம்ஃபிஸ் 2 நிமிடம் 12 வினாடி இருக்கும்போது 9 புள்ளி முன்னிலை. அப்புறம் ஃப்ரீ த்ரோ கோட்டில் வரிசையாகத் தவறவிட்டார்கள். டெரிக் ரோஸும் 10.8 வினாடி இருக்கும்போது இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார். கான்சஸின் மாரியோ சால்மர்ஸ் ஒரு த்ரீ போட்டுச் சமன் செய்ய, ஓவர்டைமில் 75-68. மெம்ஃபிஸ் சீசன் முழுக்கவே ஃப்ரீ த்ரோவில் மோசமான அணி. அந்தப் பழைய வியாதிதான் கடைசி நிமிடத்தில் தலைகாட்டியது.

14. 19 வயசுப் பையனையும் 23 வயசு ஆளையும் ஒரே தராசுல வெக்கலாமா?

கூடாது. 2020-21 சீசனை கொரோனாவுக்காக, ஒருவர் ஆடக்கூடிய நான்கு வருடக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால், அடுத்த சில வருடங்கள் 23, 24 வயதுக்காரர்கள் நிறையப் பேர் ஆடினார்கள். உடல் முற்றிய ஒருவர் முதலாண்டுப் பையனைத் தோளால் தள்ளிவிட்டு லே-அப் போடுவதில் பெரிய ஆச்சரியம் இல்லை. மூத்தவரிடம் இன்று என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இளையவரிடம், நவம்பரில் செய்த தப்பை மார்ச்சிலும் செய்கிறாரா என்று கேளுங்கள்.

15. ஒருத்தரோட பலவீனம் திருத்தக்கூடியதா இல்லையான்னு எப்படித் தெரியும்?

என் அனுபவத்தில், எறியும் கை திருந்தும். கால் பெரும்பாலும் திருந்தாது. ஆட்டத்தைப் படிக்கும் கண் மெதுவாக, மிக மெதுவாகத் திருந்தும்.

கவாய் லெனர்ட் சான் டியேகோ ஸ்டேட்டில் இரண்டாம் ஆண்டில் த்ரீயில் 30 சதவீதத்துக்கும் கீழே. 2011 டிராஃப்டில் 14 பேர் அவருக்கு முன்னால் போனார்கள். கால், கை நீளம், பந்தைப் பறிக்கும் பழக்கம் எல்லாம் அப்போதே இருந்தன. எறிவது பின்னால் வந்தது. பிறகு இரண்டு தடவை என்பிஏ இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

பெண்கள் ஆட்டத்திலிருந்து ஒன்று. 2023 அரையிறுதியில் ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க், சவுத் கரோலைனாவின் ரேவன் ஜான்சன் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கும்போது மறிக்கக்கூடப் போகவில்லை. 'நீ எறி பார்க்கலாம்' என்பது போல் கையை வீசிவிட்டு உள்ளே நின்றார். ஜான்சன் எறியவில்லை. உலகமே பார்த்தது. ஒரு ஆட்டக்காரரின் பலவீனத்தை அவ்வளவு பகிரங்கமாக யாரும் சுட்டிக்காட்டி நான் பார்த்ததில்லை. சவுத் கரோலைனா 77-73 தோல்வி, சீசனின் ஒரே தோல்வி. அடுத்த வருடம் ஜான்சன் வெளியிலிருந்து எறியத் தயங்காதவராக வந்தார். 2024 இறுதி ஆட்டத்தில் கிளார்க்கை மறிக்கும் பெரும்பங்கு அவருக்குத்தான். முதல் பத்து நிமிடத்தில் 18 எடுத்த கிளார்க், மீதி முப்பது நிமிடத்தில் 12. சவுத் கரோலைனா 87-75.

16. ஸ்கவுட்டுங்க இந்த மூணு வாரத்தை வெச்சே முடிவு பண்றாங்களா?

நல்லவர்கள் அப்படிச் செய்வதில்லை. சீசனில் எழுதி வைத்ததைச் சரிபார்க்கத்தான் இந்தப் போட்டி. ஆனால் மனிதர்கள்தானே. 2011இல் அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ் ட்யூக்குக்கு எதிராக 32 எடுத்தார், இரண்டாவதாகப் போனார், அந்த இடத்துக்குரிய ஆட்டம் என்பிஏவில் வரவே இல்லை. மறுபக்கம், 2024இல் கனெக்டிகட்டின் ஸ்டெஃபான் காசில் சராசரி 11 புள்ளிதான், த்ரீயும் சுமார். எதிரணியின் சிறந்த கார்டை மறிப்பது அவர் வேலை. நான்காவதாகப் போய், அடுத்த வருடம் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

17. நீங்க நோட்டுல அப்படி என்னதான் எழுதறீங்க?

ஒரு ஆட்டத்துக்கு இரண்டே பேர். அதற்கு மேல் பார்த்தால் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இடது பக்கம் பலம், வலது பக்கம் பலவீனம். எண் எழுதுவதில்லை, அது மறுநாள் எங்கும் கிடைக்கும். செயலை எழுதுவேன். ஒரு பக்கத்திலிருந்து அப்படியே: "இடது பக்கம் மூன்று தடவை உள்ளே போனார், மூன்றிலும் வலது கைக்கு மாற்றித்தான் முடித்தார். இரண்டாம் பாதியில் எதிரணி கண்டுபிடித்துவிட்டது, வலது கையை மறித்தது. அப்புறம் உள்ளே போவதையே நிறுத்திவிட்டார்."

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி. ஆண்கள் இறுதி ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் தொடங்கும். காபி டம்ளரோடு உட்கார்ந்தால் தூக்கக் கலக்கமில்லாமல் எழுதலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் நள்ளிரவு வரை விழித்திருந்து, மறுநாள் ஆபீஸில் கொட்டாவி விட வேண்டும்.

18. இவ்வளவு சொல்றீங்களே, உங்க கணிப்பு எப்பவாவது தப்பாப் போயிருக்கா?

நிறைய. ரொம்ப உறுத்துவது ஜேலன் பிரன்சன். வில்லனோவாவுக்காக 2016, 2018 இரண்டு கோப்பை, 2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அப்படியும் டிராஃப்டில் 33ஆவதாகத்தான் போனார். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஆறடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம், பெரிய வேகம் இல்லை, எம்பிக் குதிப்பதும் இல்லை. 'நல்ல மாற்று ஆட்டக்காரர், அவ்வளவுதான்' என்று எல்லோரிடமும் சொன்னேன். 2024இல் நியூயார்க் நிக்ஸ் அவரைக் கேப்டன் ஆக்கியது.

அன்று இரவு பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 2018 மார்ச் பக்கம், பேனா மை கொஞ்சம் ஊறியிருந்தது. "ரிங்கை நோக்கிப் போகிறார், நடுவழியில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறார். மறிப்பவர் தாண்டிப் போன பிறகு திரும்பி எறிகிறார்." இன்று உலகமே அவரிடம் பார்த்து ரசிப்பது அதைத்தான். அன்றைக்கே என் கண்ணில் பட்டிருக்கிறது, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வலது பக்கத்தில்.